தாயாருடன் லண்டனில் இறங்கும்போது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். எழுபத்தொரு வயதான உங்கள் தாயாரைச் சென்னையிலிருந்து லண்டனுக்கு அழைத்துச் செல்கிறீர்கள். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் உண்டு, ஆங்கிலம் தெரியாது. இருவரும் வருகையாளர் விசாவில் போய், கிழக்கு லண்டனில் மேனர் பார்க்கில் இருக்கும் தங்கையின் வீட்டில் தங்கப்போகிறீர்கள். சக்கர நாற்காலி கேட்கலாமா, மருந்துகளை எப்படி எடுத்துச் செல்வது, ஹீத்ரோ விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், அங்கிருந்து வீடு வரை எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் "நான்தான் கூடவே இருக்கிறேனே" என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கடவுச்சீட்டும் மகனிடம், மருந்துப் பை மகனிடம், வீட்டு முகவரி மகனின் கைபேசியில் என்று இருக்கும். ஆனால் இந்தப் பயணத்தில் நீங்களும் அவரும் பிரிக்கப்படும் இடங்கள் பல உண்டு. பாதுகாப்புச் சோதனையில் ஆணும் பெண்ணும் தனித்தனியே போவார்கள். சக்கர நாற்காலியை ஒரு பணியாளர் தள்ளிக்கொண்டு வேறு லிஃப்டில் ஏறிவிடலாம். ரயில் நிலையக் கதவு உங்களுக்குத் திறந்து அவருக்குத் திறக்காமல் நிற்கலாம். ஆகவே அந்தச் சில நிமிடங்களைத் தாயார் பதற்றமின்றித் தனியாகக் கடக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்வதே முக்கியம் என்பது என் கருத்து. கீழே சொல்பவை எல்லாம் அதை ஒட்டியவை.

முதலில் டிக்கெட். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு. காற்றின் போக்கைப் பொறுத்து ஏறக்குறைய 10 முதல் 11 மணி நேரம் ஆகும். துபாய், தோஹா வழியாகச் செல்பவை பல நேரங்களில் விலை குறைவாக இருக்கும். முதன்முறை பறக்கும் எழுபது வயதைத் தாண்டியவருக்கு, கட்டுப்படியாகும் வரை, நேரடி விமானத்தையே பரிந்துரைப்பேன். இடைமாறும் நிலையத்தில் சக்கர நாற்காலிக்காக ஒருமுறை காத்திருந்து, கைப்பையை மறுபடி சோதனைக்குக் கொடுத்து, நடுராத்திரியில் இன்னொரு வாயில் வரை போவது உங்களுக்குச் சிறு தொல்லை. அவருக்கு அது பயணத்தின் பாதி களைப்பு.

டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் இது சாதாரண விஷயமல்ல. தாயாரின் ஆதார் அட்டையில் தந்தையின் முதலெழுத்தும், வங்கிக் கணக்கில் கணவரின் பெயரும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவும் இருப்பது வழக்கம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுக்கு எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. அதை நிறுவனத்திடமே கேட்டு நிரப்புங்கள். துபாயில் இடையில் இறங்கி இரண்டு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணமிருந்தால், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வருகையாளர் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதித்த கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியைத் தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்குள் நன்றாக நடப்பவர் அதில் உட்காருவது கௌரவக் குறைவு என்று சில தாயார்கள் மறுப்பார்கள். ஹீத்ரோவில் விமானத்திலிருந்து குடிவரவுப் பகுதி வரையிலான நடை, மூட்டு வலி உள்ளவருக்கு எளிதல்ல என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். ஐந்தாம் முனையத்தின் துணைக் கட்டடங்களில் இறங்கினால் உள்ளே ஓடும் சிறு ரயிலில் ஏறித்தான் முதன்மைக் கட்டடத்துக்கு வர வேண்டும். இரண்டாம் முனையத்தின் துணைக் கட்டடத்திலிருந்து நீண்ட சுரங்க நடைபாதை இருக்கிறது. பதிவு செய்யும்போது மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: படியேற முடியும், தொலைவு நடக்க முடியாது என்பது ஒன்று, படியேற முடியாது, விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார் என்பது இரண்டாவது, சிறிதும் நடக்க இயலாதவர் என்பது மூன்றாவது. மூட்டு வலி உள்ள பெரும்பாலோருக்கு முதல் வகையோ இரண்டாவதோ போதும். பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் இந்த உதவியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம்.

இருக்கை, உணவு இரண்டும் சிறியவைதான், ஆனாலும் பதினோரு மணி நேரம் உடனிருப்பவை. தாயாருக்கு நடைபாதை ஓர இருக்கையும் உங்களுக்கு அதற்கு அடுத்ததும் எடுங்கள். கால் நீட்ட இடம் அதிகம் என்று அவசர வழி அருகே உள்ள வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; நடக்கச் சிரமப்படுபவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். சைவ உணவு உண்பவராக இருந்தால் 'இந்து உணவு' என்ற தேர்வைத் தொடவே கூடாது. விமான நிறுவனங்களின் கணக்கில் அது மாட்டிறைச்சி இல்லாத அசைவ உணவு. கோழியோ ஆடோ வந்து நிற்கும். 'ஆசியச் சைவ உணவு' என்பதுதான் நாம் எதிர்பார்க்கும் சாப்பாடு. 'நீரிழிவு நோயாளிகளுக்கான உணவு' என்பதிலும் இறைச்சி இருக்கலாம். வீட்டிலிருந்து இட்லியோ சப்பாத்தியோ கொஞ்சம் கட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது. இறங்குவதற்குள் அதைத் தின்று முடித்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் பலர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. மெட்ஃபார்மின், இரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்காகத் தமிழ்நாட்டில் பரவலாக எழுதித் தரப்படும் பிரீகாபலின், கபாபென்டின் ஆகிய இரண்டும் 2019 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மெத்தில்கோபாலமின் என்ற வைட்டமினுடன் சேர்த்து ஒரே மாத்திரையாக அவை விற்கப்படுவதால், உள்ளே என்ன இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். தூக்கத்துக்கான அல்பிரஸோலம், குளோனாஸெபம், வலிக்கான டிரமடால் ஆகியவையும் அப்படியே. இவற்றை மூன்று மாதத்துக்குக் குறைவான அளவில் எடுத்துச் செல்லலாம். அதற்கு மருத்துவரின் கடிதம் வேண்டும். நோயாளியின் பெயர், பயண நாள்கள், மருந்தின் பெயர், வீரியம், அளவு, மருத்துவரின் கையொப்பம் ஆகியவை அதில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதமோ அதற்கு மேலோ தேவைப்படும் அளவென்றால் பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தின் தனி உரிமம் பெற வேண்டும். வருகையாளர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம் என்பதால், "ஆறு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிவிடலாம்" என்று மருந்துக் கடைக்குப் போகும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். மாற்று மருந்து ஏதாவது பொருந்துமா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்பது நல்லது.

துபாய் வழியாகச் செல்வதாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மேற்சொன்ன மருந்துகளுக்கு அமீரகத்திலும் கட்டுப்பாடு உண்டு. சிலவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். இடைமாறும் பயணி என்பதால் அந்நாட்டுச் சட்டம் பொருந்தாமல் போகாது. சமையலறையிலிருந்து தங்கைக்காகத் தாயார் எடுத்து வைக்கும் பொட்டலங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குருமாவுக்குப் போடும் கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அதில் கண்டிப்புக் காட்டும் நாடு அது.

மாத்திரைகளைச் சிறு டப்பாவில் பிரித்துப் போடாமல் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டில் நம் ஊர்ப் பிராண்டுப் பெயர் மட்டும் இருந்தால் லண்டன் மருத்துவருக்கு அது எதையும் சொல்லாது. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சுலின் ஊசி போடுபவராக இருந்தால் அதைச் சரக்குப் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. கீழ்த்தளத்தின் குளிரில் உறைந்தால் இன்சுலின் பயனற்றுப் போகும். நேரக் கணக்கும் முக்கியம். இந்தியா லண்டனைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரமும் முந்தியிருக்கிறது. மேற்கு நோக்கிப் போகும்போது அந்த ஒரு நாள் அந்த அளவுக்கு நீள்கிறது. நீண்ட அந்நாளில் எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடமே கேட்டு, இந்திய நேரம், லண்டன் நேரம் இரண்டையும் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது தாயாரின் கையில் இருக்க வேண்டியவை. புடவைத் தலைப்புக்குள் குறுக்காக மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு பை வாங்கிக் கொடுங்கள். அவருடைய கடவுச்சீட்டு, போர்டிங் பாஸ், ஒரு நாளுக்கான மாத்திரை, மூக்குக் கண்ணாடி, சில பவுண்டு நோட்டுகள், ஒரு அட்டை ஆகியவை அதில் இருக்கட்டும். அந்த அட்டையில் ஆங்கிலத்தில் அவர் பெயர், விமான எண், "நான் என் மகனுடன் பயணம் செய்கிறேன், எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும்" என்ற வாக்கியம், உங்கள் கைபேசி எண், தங்கையின் எண், வீட்டு முகவரி, சர்க்கரை நோய் இருப்பது பற்றிய குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். அவர் கைபேசியில் வெளிநாட்டு ரோமிங் வசதியைச் சென்னையிலேயே எடுத்துவிட வேண்டும். இறங்கியதும் விமான நிலைய வைஃபையில் பதிவு செய்து இணைவார் என்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது. இருவருக்கும் ஒரே ஒரு விதி போதும்: பிரிந்துபோனால் அம்மா இருக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது, நீங்கள்தான் தேடி வருவீர்கள்.

சென்னையில் முதல் பிரிவு பாதுகாப்புச் சோதனையில் நேரும். பெண்களை மறைப்புக்குள் பெண் காவலர் சோதிப்பார். கைப்பையும் கைபேசியும் தட்டில் வேறு வழியாகப் போகும். "சோதனை முடிந்ததும் முதலில் உங்கள் பையை எடுத்துக்கொண்டு, அதன்பின் என்னைத் தேடுங்கள்" என்று முன்னரே சொல்லிவையுங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவரானால் கருவி ஒலிக்கும். மருத்துவரின் ஒரு சிறு குறிப்பு உதவும். ஊறுகாய், நெய், எண்ணெய் போன்றவை 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் போகாது. பவர் பேங்க் நேர்மாறானது. அது கைப்பையில் மட்டுமே போக வேண்டும். கனமான நகைகளை அணிந்து போவதானால், திரும்பி வரும்போது கேள்வி எழாமலிருக்க, புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் தாலிச் சங்கிலியோடும் ஒரு ஜோடி வளையலோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

விமானத்துக்குள் அவரைத் திகைக்க வைப்பது பெரும்பாலும் கழிப்பறைதான். மடிந்து திறக்கும் கதவு, உள்ளே தாழிட்டால்தான் முழு வெளிச்சம் வரும் விளக்கு, பெரும் சத்தத்தோடு உறிஞ்சும் ஃப்ளஷ் ஆகிய மூன்றையும் முதல்முறை நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கழுவத் தண்ணீர்க் குழாய் வசதி இருக்காது. காலியான சிறு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அது கூடாது. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பது காலில் இரத்தக் கட்டி உருவாகும் ஆபத்தைக் கூட்டும் என்பதால், விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை கணுக்காலைச் சுழற்றச் செய்யுங்கள்; இடையிடையே பின்பகுதி வரை நடத்திக் கூட்டிவாருங்கள். இறங்கும்போது காது அடைப்பு வரும். விழுங்கிக்கொண்டே இருப்பதற்கு நாலைந்து மிட்டாய் போதும். சர்க்கரை நோய்க்காரர் என்றால் ஒரு வாய்த் தண்ணீராக அடிக்கடி குடிக்கலாம்.

ஹீத்ரோவில் விமானம் நின்றதும் எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்து அவரும் எழுவார். நீங்கள் எழ வேண்டியதில்லை. சக்கர நாற்காலி கேட்டவர்கள் மற்றவர்கள் இறங்கிய பிறகே அழைக்கப்படுவார்கள். வாசலில் பணியாளர் இல்லையென்றால் விமானப் பணியாளர்களிடம் சொல்லிவிட்டு அங்கேயே காத்திருங்கள். அவசரப்பட்டு நடக்கத் தொடங்கினால், வழியில் வேறு யாரும் நாற்காலி கொண்டுவந்து தரமாட்டார்கள். சில நேரம் பலரைச் சேர்த்து மின்வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்போது "நான் அவருடைய மகன், இருவருக்கும் சேர்த்தே குடிவரவுச் சோதனை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடன் வருபவர் ஒருவரை அனுமதிப்பது வழக்கம்தான். வண்டியில் இடமில்லையென்றால் எந்த இடத்தில் சந்திப்பது என்று பணியாளரிடம் கேட்டுத் தாயாரிடம் தமிழில் சொல்லிவிட்டு நகருங்கள்.

குடிவரவுச் சோதனைக்கு முன் நிரப்ப வேண்டிய படிவம் எதுவும் இப்போது இல்லை. காகித அட்டை முறை 2019-இல் கைவிடப்பட்டது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் தானியங்கிக் கதவைப் பயன்படுத்த முடியாது. அதிகாரியிடம்தான் போக வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்து வரும்போது தாங்கள் மட்டும் தானியங்கிக் கதவு வழியாக வெளியே போய்விட்டு அப்புறம் தவிப்பதுண்டு. அப்படிப்பட்டவர்கள் பெற்றோரோடு மற்ற நாட்டவர் வரிசையிலேயே நிற்கலாம். உங்கள் விசா கடவுச்சீட்டில் ஒட்டியதல்லாமல் இணையவழி ஈ-விசாவாக இருந்தால், தாயாரின் கணக்கு அவர் இப்போது எடுத்துச் செல்லும் கடவுச்சீட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். அந்தக் கணக்குக்குள் நுழையும் குறியீடு எந்த எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்கு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகாரி கேட்பவை எளியவை: எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், யார் செலவு, எப்போது திரும்புவீர்கள். கேள்வி தாயாரை நோக்கி இருக்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வதைத் தவிருங்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லி, மொழிபெயர்க்கலாமா என்று கேளுங்கள். அதிகாரி ஒப்புக்கொண்டால், அவர் தமிழில் சொல்வதை மட்டும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இங்கே பெரியவர்களைச் சிக்கவைப்பது அவர்களுடைய நல்ல மனசுதான். "மகளுக்கு ஒத்தாசையாகப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன்" என்று ஒரு தாயார் பெருமையாகச் சொல்வது, வருகையாளர் விசாவில் குழந்தை பராமரிப்பு வேலைக்கு வந்தவர் என்ற ஐயத்தை எழுப்பக்கூடும். மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க வந்தேன் என்பதுதான் உண்மையும் கூட. விண்ணப்பத்தில் எதை எழுதினீர்களோ அதையே சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். தங்கையின் அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், முகவரி ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு எடுத்துப்போங்கள். பதினோரு மணி நேரத்துக்குப் பின் கைபேசியில் மின்னேற்றம் இருக்கும் என்ற உறுதி இல்லை.

பெட்டியை எடுத்தபின் சுங்கம். இந்தியாவிலிருந்து தனிப்பட்ட பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. ஊத்துக்குளி நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அதில் அடங்கும் என்று சொன்னால் எந்தத் தாயாரும் நம்பமாட்டார். நீங்கள்தான் பெட்டியை மூடுமுன் அவற்றை எடுத்து வைக்க வேண்டும். நெய்க்கு இல்லாத சலுகை கருவாட்டுக்கு உண்டு என்பது வேடிக்கையான உண்மை: மீன், உலர்ந்ததாயினும், 20 கிலோ வரை பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. காய்கறி, பழம், கீரை, விதை, செடி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், விட்டுவிடுவதே நல்லது. சாம்பார்ப் பொடி, வற்றல், அப்பளத்துக்குத் தொல்லை இல்லை. பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெளியே வந்ததும், வண்டி எதுவானாலும், முதலில் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேனர் பார்க்குக்கு மிக வசதியானது 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் லைன் ரயில். அதில் கழிப்பறை கிடையாது. ஹீத்ரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சில ரயில்கள் நேராக மேனர் பார்க் வழியாகப் போகும். மற்றவை ஆபி வுட் என்ற வேறு கிளைக்குப் போகும். ஆபி வுட் ரயிலில் ஏறிவிட்டாலும் கவலையில்லை: ஒயிட்சாப்பலில் இறங்கி, அதே பிளாட்பாரத்தில் நின்று, மேனர் பார்க் வழியாகப் போகும் ஷென்ஃபீல்டு ரயிலைப் பிடிக்கலாம், படியேற வேண்டியதில்லை. இந்தத் தடத்தின் எல்லா நிலையங்களிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படியில்லாமல் போக முடியும். மேனர் பார்க் போன்ற வெளிநிலையங்களில் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே சற்று உயர வித்தியாசம் உண்டு. தேவையென்றால் பணியாளர் சாய்பலகை வைப்பார், ஏறும் நிலையத்திலேயே சொல்லிவிட வேண்டும். பழைய பிக்கடில்லி லைன் கட்டணத்தில் மலிவு, ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், நகரத்துக்குள் அதன் நிலையங்கள் பலவற்றில் லிஃப்டும் இல்லை. பாடிங்டனுக்குப் பதினைந்து நிமிடத்தில் போகும் விரைவு ரயிலால் உங்களுக்குப் பயனில்லை. அங்கே இறங்கி மறுபடி எலிசபெத் லைனுக்குத்தான் மாற வேண்டும்.

ரயில் நிலையக் கதவில்தான் இன்னொரு பிரிவு நேரும். லண்டனில் வங்கி அட்டையைத் தொட்டே நுழையலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் ஒரே அட்டையை இருவருக்குத் தொட முடியாது. தாயாருக்குத் தனி அட்டை வேண்டும். அவருடைய இந்திய வங்கி அட்டையாக இருந்தால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடுமுறைக் கட்டணத்தையும் வங்கியின் செயலியில் முன்னரே இயக்கிவைக்க வேண்டும். வழங்கும்போது அவை மூடப்பட்டே இருக்கும். இல்லையென்றால் லண்டன் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை ஒன்று வாங்கிப் பணம் போட்டுக் கொடுங்கள். பெட்டிகளோடு போகும் அகலமான கதவில் அவரை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போங்கள்; ஒருபோதும் நீங்கள் முதலில் நுழையாதீர்கள். இறங்கும் நிலையத்திலும் அதே அட்டையை அவர் தொட வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். எஸ்கலேட்டரில் புடவையோடும் தயக்கத்தோடும் நிற்கவைக்க வேண்டாம், எங்கும் லிஃப்டையே தேடுங்கள்.

இரண்டு பெரிய பெட்டிகளுக்கு மேல் இருந்தாலோ, இறங்குவது காலை, மாலை நெரிசல் நேரமாக இருந்தாலோ ரயிலை விட்டுவிட்டு முன்பதிவு செய்த கார் நல்லது. சாலையிலும் நெரிசல் இருக்கும், கிழக்கு லண்டனுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஆயினும் அவர் உட்கார்ந்தே வருவார், இடையில் நிறுத்தவும் முடியும். முனையத்தின் வாசலில் நிற்கும் கறுப்பு டாக்சி எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும், மீட்டர்தான், கட்டணம் மிக அதிகம். வருகைக் கூடத்தில் தாமாக வந்து "டாக்சி வேண்டுமா" என்று கேட்பவர்களோடு போகாதீர்கள். அப்படி ஆள் பிடிப்பது அங்கே சட்டவிரோதம். தங்கை கார் கொண்டுவருவதாக இருந்தால், பயணிகளை இறக்கிவிடும் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ள முடியாது. குறுகியகால வாகன நிறுத்தத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அங்கே வரை சக்கர நாற்காலியில் கொண்டுவிடும்படி பணியாளரைக் கேட்கலாம். குளிர்கால மாதங்களில் தாயாரின் கோட்டும் காலுறையும் சரக்குப் பெட்டியில் இல்லாமல் கையில் இருக்க வேண்டும். வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து தேடுவது யாருக்கும் ஆகாது.

வீடு சேர்ந்த முதல் சில நாள்கள் நடுராத்திரியில் விழித்துக்கொள்வார். ஊரில் காலை ஐந்து மணிக்கு எழுபவருக்கு அது லண்டனில் முந்தைய இரவு பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை மணி. அந்த நேரத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிடாமல், எழுதி வாங்கிய நேரப்பட்டியலைச் சமையலறையில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக மருத்துவச் செலவு. வருகையாளர் விசாவில் வருபவர்கள் அரசு மருத்துவச் சேவைக்கான முன்கட்டணம் செலுத்துவதில்லை. ஆகவே மருத்துவமனைச் சிகிச்சை அவர்களுக்கு இலவசம் அல்ல. இங்கிலாந்தில் உள்ளூர்ப் பொது மருத்துவரைப் பார்ப்பதற்கும், அவசரப் பிரிவில் தரப்படும் முதல் சிகிச்சைக்கும் கட்டணமில்லை. ஆனால் அங்கிருந்து உள்நோயாளியாகச் சேர்த்த கணமே கட்டணம் தொடங்கும், அதுவும் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு. அதைக் கட்டாமல் விட்டு 500 பவுண்டோ அதற்கு மேலோ நிலுவை இருந்தால் அடுத்த விசா மறுக்கப்படலாம். ஆகவே பயணக் காப்பீடு எடுக்கும்போது விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயையும் அதன் விளைவுகளையும் எந்த அளவுக்கு ஏற்கிறது, எழுபது வயதைக் கடந்தவருக்குத் தொகை வரம்பு என்ன என்ற இரண்டு பகுதிகளையும் படியுங்கள். சர்க்கரை நோயை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நாளில் செல்லாது. உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் கேள்விகளுக்கு 111 என்ற எண்ணை அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னால் இணைப்பில் சேர்ப்பார்கள். அவசரத்துக்கு 999. இரண்டு எண்களையும் தாயாரின் அட்டையின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள். நீங்கள் முன்னதாக ஊர் திரும்பிவிட்டால், தங்கை வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரங்களில் அவர் வீட்டில் தனியாக இருப்பார்.